ஏட்டில் மலரும் கொடிகள்

மயிலாப்பூரினின்று அடையாறு நோக்கிச் செல்வார், சுற்றுச்சுவர்கள் பலவற்றின்மீது செம்மையும் ஊதாவும் வெண்மையுமாய்க் காகிதப்பூக் கொடி படர்ந்திருத்தலைக் காண்பர். கண்ணுக்கு இனிய காட்சியே அது. கடுவெயிலை விரும்பும் அக்கொடிக்கு நீர் மிகுமாயின் இலை தழைக்கும், பூக் குறையும். நாம் இதழென மயங்குவன வண்ணமுற்ற இலைகளே. மெய்ப்பூவோ நடுவண் நிற்கும் சிறு குழலாம். 1767-ஆம் ஆண்டில், பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்திற் சென்ற கொம்மர்சோன் என்னும் தாவர நூலறிஞர் பிரேசில் நாட்டில் இதனைக் கண்டார். அத்தலைவர் பெயராலேயே இது போகன்வில்லா எனப்படுகின்றது. வந்த விருந்தை வெறுத்தல் நம் மரபன்று. ஆயின், விருந்தினர் வீற்றிருக்க, வீட்டார் எங்குச் சென்றனர் என்பதே என் வினா.

என் குறையை ஒளியாது உரைப்பேன். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களையும் நெட்டுருச் செய்து, தேர்விற் பிழையற எழுதினேன். அவற்றுள் முதலாவது செங்காந்தள். இன்று நம் மாநில மலரும் அதுவே. அதனைக் கொடியில் யான் கண்டதேயில்லை. கருவிளை என வாயார ஓதிய யான், தெருமுனை வேலியிற் பூத்த நீலச் சங்குப்பூவே அஃதென அறியாது நாடோறும் கடந்து சென்றேன். நண்பரொருவர் சுட்டிக்காட்டிய பின்னரே அறிந்து நாணினேன்.

"அடுக்குமாடியில் வாழ்வார்க்கு முற்றமேது? பந்தரேது?" என்பார் உளர். சங்குப்பூவிற்கு ஒரு தொட்டியும், சில விதைகளும், பற்றி ஏறச் சன்னற் கம்பியும் போதும். அவரையினத்தைச் சார்ந்ததாதலின், தன் வேர்முண்டுகளால் மண்ணையும் அது வளப்படுத்தும். காந்தளோ இலைநுனியையே சுருட்டிக் கொம்பைப் பற்றி ஏறுவது. மழையில் தழைத்துப் பூத்து, பின்னர் மடிந்து, கிழங்காய் மண்ணுள் உறங்குவது. பட்டதென்று அதனைப் பிடுங்கி எறிதல் கூடாது. கிழங்கு கொடிய நஞ்சாதலின், சிறார் உள்ள இல்லத்தார் அதனை விலக்குக. நம் கல்லூரித் தோட்டத்தில் வேலியிட்டு வளர்த்தல் நன்று.

1835-இலேயே தோட்டக்கலைக்கெனச் சங்கம் கண்டது இந்நகரம். 2010-இல் செம்மொழியின் பெயராற் பூங்காவும் திறந்தது. அத்தகைய நகரில் தமிழ் பயிலும் நாம், செம்மொழி பாடிய கொடிகளை ஏட்டளவில் மட்டும் அறிந்திருத்தல் தகுமோ? முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. நம்மிடம் தேர் வேண்டுவாரில்லை. ஒரு முழக் கயிறே அமையும். காகிதப்பூ சுவரில் ஒளிர்க. அதனருகே ஒரு கருவிளை விதையை இம்மழைக்காலத்தில் ஊன்றுவோமாக.