ஃபேக்டரி வண்டியா? பட்டறை வண்டியா? - ஒரு வெல்டிங் புலம்பல்

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்கா. ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. இன்னிக்கு எழுத வச்சது ஒரு நண்பர். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவர்தான், இஞ்சினியர்தான், நல்ல மனுஷர்தான். ஓஎம்ஆர் டீக்கடைல நின்னு வடையக் கடிச்சுக்கிட்டே சொன்னார், "அந்த சைடு வீல் வச்ச ஸ்கூட்டரெல்லாம் தற்கொலைப்பா. எவனோ பட்டறைல வெல்டு வச்சுக் கொடுக்குறான், இவங்களும் ஓட்டுறாங்க. ஃபேக்டரில இருந்து வர்ற மூணு சக்கர வண்டிதான் வாங்கணும். கவர்மெண்டு இதையெல்லாம் தடை பண்ணணும்."

பாதி வடை தொண்டைல நின்னுடுச்சு. அவருக்கு அங்கயே பதில் சொல்லியிருக்கலாம். கோவத்துல வாய் வராது நமக்கு, கைதான் வரும். அதான் இந்தப் பதிவு.

எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு வயசுல போலியோ. ரெண்டு காலும் போச்சு. எட்டயபுரத்துல வீடு, கோவில்பட்டில தீப்பெட்டி கம்பெனி ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேலை. போக 15 கிலோமீட்டர், வர 15 கிலோமீட்டர். முதல்ல கையால சுத்துற மூணு சக்கர சைக்கிள், அதுல ஊருக்குள்ள மட்டும்தான் போக முடியும். அப்புறம் ஒரு பழைய கைனடிக் ஹோண்டா. கியர் கிடையாது, சுவிட்ச அமுக்குனா ஸ்டார்ட் ஆகும். கிக்கர் உதைக்க முடியாதவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. பட்டறைல குடுத்து பின்னாடி ரெண்டு பக்கமும் சக்கரம் மாட்டினார். அதுக்கப்புறம் ஒரு ஆக்டிவா, அதுலயும் அதே மாதிரி. அந்த சக்கரம் இருந்ததாலதான் அவருக்கு சம்பளம் வந்துச்சு, கல்யாணம் ஆச்சு, பொண்ணு இன்னிக்கு காலேஜ் போகுது.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

நண்பர் சொன்னதுல உண்மை இருக்கா? இருக்கு. இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு அத ஒத்துக்கிட்டே ஆகணும். ரெண்டு சக்கர வண்டி வளைவுல சாஞ்சுதான் திரும்பும். பக்கத்துக்கு ஒரு சக்கரத்த மாட்டிட்டா வண்டியால சாய முடியாது. ஆட்டோ மாதிரி திருப்பணும். வேகமா திருப்பினா ஆளையும் வண்டியையும் வெளிப்பக்கமா தள்ளும். ரோடு ஓரமா சரிஞ்சு இருந்தா ஹேண்டில்பார் அந்தப் பக்கமே இழுக்கும். இன்னொரு ஆபத்து பல பேருக்குத் தெரியாது. பக்கச் சக்கரம் ரெண்டும் மேட்டுல நின்னு, நடுவுல இருக்குற பின்சக்கரம் பள்ளத்துல தொங்குச்சுன்னா, அது தரையைத் தொடாம சும்மா சுத்தும். வண்டி நகராது. அதவிட மோசம், பின் பிரேக்கும் பிடிக்காது, ஏன்னா பக்கச் சக்கரத்துக்கு பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. இந்த பாரத்தையெல்லாம் தாங்குறது ஸ்கூட்டர் சேஸிஸ். அத டிசைன் பண்ணினவர் இப்படி ஒரு சக்கரம் வரும்னு கனவுலயும் நினைச்சிருக்க மாட்டார்.

சரி, அப்ப ஃபேக்டரி வண்டியே வாங்கிடலாம்ல? எங்க வாங்குறது, அதச் சொல்லுங்க தல.

அமெரிக்காவுல இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கு. ஹார்லி டேவிட்சன் 1932ல இருந்து 1973 வரைக்கும் சர்வி-கார்னு மூணு சக்கர வண்டி செஞ்சான். திரும்ப 2009 மாடலா ட்ரை கிளைடு விட்டான். கேன்-ஆம் ஸ்பைடர் 2007ல வந்துச்சு, முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு. இத்தாலில பியாஜியோ 2006லயே எம்பி3ன்னு விட்டான், முன்னாடி ரெண்டு சக்கரம் இருந்தும் வளைவுல சாயும். அங்க ஒருத்தர் உக்காந்து யோசிக்கலாம், கோல்டு விங்குக்கு கிட் வாங்கி மாத்துறதா, இல்ல ஃபேக்டரி வண்டியே வாங்குறதான்னு. காசு, ஸ்டைல், ரீசேல்னு கணக்கு போடலாம். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்கு ஹார்லியா வாங்க முடியும்?

இங்க முயற்சியே இல்லன்னு சொல்லல. மெட்ராஸ் ஐஐடில இருந்து கிளம்பின நியோமோஷன்காரங்க நியோபோல்ட்னு ஒண்ணு செஞ்சாங்க, சக்கர நாற்காலி முன்னாடி மாட்டிக்கிட்டா வண்டி ஆயிடும். அருமையான வேலை, தலைவணங்குறேன். ஆனா வேகம் 25 கிலோமீட்டர். மூணு சக்கரத்தோடவே வர்ற சின்ன மின்சார ஸ்கூட்டரும் சிலது வந்திருக்கு, அதுலயும் பல இந்த 25 கிலோமீட்டர் ரகம்தான். ஊருக்குள்ள சுத்த அது போதும். கரிசக்காட்டு வெயில்ல, பின்னாடி லாரி ஆரன் அடிக்க, 15 கிலோமீட்டர் ரோட்டுல தினமும் அப்படி ஊர்ந்து போக சித்தப்பாவால முடியாது. ரிப்பேர்னா பார்ட்ஸுக்கு எங்க போறது? ஆக்டிவாவுக்கு எட்டயபுரத்து மெக்கானிக்கே போதும்.

சட்டம் என்ன சொல்லுச்சு தெரியுமா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல உடல் குறை உள்ளவங்களுக்கான வண்டின்னா என்னன்னு ஒரு விளக்கம் இருந்துச்சு. அதுக்குன்னே வடிவமைச்சுக் கட்டின வண்டியா இருக்கணும், வெறுமனே மாத்தி அமைச்சதா இருக்கக் கூடாதுங்கிற அர்த்தத்துல. அதாவது நம்ம நண்பரோட கட்சிதான் சட்டத்தோட கட்சியும் :-) ஆனா ஊர்ல தெருவுக்குத் தெரு ஓடினது மாத்தி அமைச்ச வண்டி. 2019 திருத்தத்துலதான் அந்த விளக்கத்த மாத்தி, முறைப்படி மாத்தின வண்டியும் அதுல சேரும்னு ஒத்துக்கிட்டாங்க. 31 வருஷம் ஆச்சு. நடுவுல 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வண்டிய மாத்திக் கொடுக்கவும் அரசு திட்டம் போடணும்னு 41ம் பிரிவுலயே சொல்லுது. 2021 அக்டோபர்ல இருந்து இந்த கிட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். நம்ம தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமா கொடுக்குற ஸ்கூட்டரும் கம்பெனி ஸ்கூட்டர்ல இணைப்புச் சக்கரம் பொருத்தினதுதான். தடை பண்ணச் சொல்றீங்களே, எதத் தடை பண்றது? தடை பண்ணினா நாளைக்குக் காலைல சித்தப்பா எதுல வேலைக்குப் போவார்?

எனக்கு வயித்தெரிச்சல் கிளப்புற விஷயம் வேற ஒண்ணு இருக்கு. ஸ்கூட்டர்ல ரிவர்ஸ் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் கால் இருக்கு, தரைல ஊன்றி பின்னாடி தள்ளிக்குவோம். சித்தப்பா என்ன பண்ணுவார்? பேங்க் வாசல்ல வண்டிய நேரா விட்டுட்டா, யாராவது வர்ற வரைக்கும் உக்காந்திருப்பார். "தம்பி, கொஞ்சம் பின்னால இழுத்து விடுறீகளா?" இந்த வாக்கியத்த அவர் வாழ்க்கைல எத்தன ஆயிரம் தடவ சொல்லியிருப்பார்னு தெரியாது. இப்ப ஏத்தர், சேத்தக், ஐக்யூப்னு மின்சார ஸ்கூட்டர்ல ரிவர்ஸ் வந்திருச்சு. விளம்பரத்துல என்ன சொல்றாங்க? பார்க்கிங் பண்ண ஈசியா இருக்குமாம். ஆக ரிவர்ஸ் வைக்க முடியும். மால்ல வண்டி நிறுத்த சோம்பல்படுற நமக்குன்னா வைக்க முடியும்.

அதனால என் சண்டை பட்டறைக்காரரோட இல்ல. அவர் கிட்ட படம் கிடையாது, அளவு கிடையாது, எந்த இடத்துல கிளாம்ப் போட்டா சேஸிஸ் தாங்கும்னு சொல்ல ஆள் கிடையாது. எல்லாத்தையும் அனுபவத்துல கண்டுபிடிச்சு செஞ்சு கொடுத்திருக்கார். படமும் கணக்கும் கம்ப்யூட்டரும் வச்சிருக்குற கம்பெனிக்கு லட்சக்கணக்குல ஸ்கூட்டர் விக்கத் தெரியுது. தனி மாடல் விட வேணாம்யா, மார்க்கெட் சின்னதுன்னு சொல்லுவீங்க, ஒத்துக்கிறேன். சேஸிஸ்ல நாலு போல்ட் ஓட்டையும் தாங்குற பாரத்தையும் குறிச்சு ஒரு படம் கொடுக்கலாம்ல? முறையா மாட்டினா வாரண்டி உண்டுன்னு எழுதிக் கொடுக்கலாம்ல? நாங்க போன ஷோரூம்ல "சைடு வீல் மாட்டினா வாரண்டி கிடையாது சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு அடுத்த கஸ்டமர பாக்கப் போயிட்டார்.

இனிமே எழுதப் போறது எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சது.

போன ஐப்பசி மழைல சித்தப்பா வண்டியோட இடது பக்க கை, அதாவது சக்கரத்தத் தாங்குற இரும்புக் குழாய், வெல்டு விட்டு உடைஞ்சிருச்சு. வண்டி அப்படியே இடது பக்கம் சாஞ்சு விழுந்தார். நல்ல வேளை மெதுவா வந்தார். தோள்பட்டை எலும்பு முறிவு. நடக்க அவருக்கு இருந்ததே ரெண்டு கைதான், அதுல ஒண்ணு ஆறு வாரம் கட்டுல. கேள்விப்பட்டதும் பட்டறைக்காரரத்தான் திட்டினேன், டீக்கடை நண்பர் சொன்ன அதே வார்த்தைல. பொங்கலுக்குப் போனப்ப சித்தப்பா கேட்டார், "ஏ தம்பி, நீ தீபாவளிக்கு வந்தப்ப வண்டிய கழுவுனியே, அந்த வெல்டுல துரு ஓடியிருந்துச்சே, பாக்கலியா?"

பாத்தேன். பாத்துட்டு, பட்டறை வேலை இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு கழுவி விட்டுட்டேன். மெட்டல் ஃபட்டீக் பத்தி 13 மார்க்குக்கு எழுதி பாஸ் பண்ணின ஆள் நான். அத அங்கயே சொல்லியிருந்தா நூறோ இருநூறோ செலவுல முடிஞ்சிருக்கும். அவர் கோவமாக்கூட கேக்கல. அதான் இன்னும் வலிக்குது.

இப்ப புது வண்டி எடுத்தாச்சு. அதுவும் மாத்தினதுதான். ஆனா இந்தத் தடவ சோதிச்சு ஒப்புதல் வாங்கின கிட், வெல்டு வைக்காம போல்ட் போடுறது, பக்கச் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர். ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி ஆர்சி புக்குல மாற்றத்த ஏத்தினோம். இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல தெரியப்படுத்தியாச்சு. இல்லன்னா ஏதாச்சும் ஆச்சுன்னா "வண்டிய மாத்தினத நீங்க சொல்லல"ன்னு கைய விரிக்க அவங்களுக்கு ஒரு சாக்கு. மூணு தடவ அலைஞ்சோம், ஒரு தடவ மாடிப்படி ஏறச் சொன்னாங்க. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.

அதனால நண்பரே, "ஃபேக்டரி வண்டிதான் வாங்கணும்"னு சித்தப்பா கிட்ட சொல்லாதீங்க. ஃபேக்டரிக்குப் போய்ச் சொல்லுங்க. நம்மள்ல எத்தன பேர் வண்டிக் கம்பெனிக்கே மென்பொருள் எழுதுறோம்! அடுத்த மீட்டிங்ல யாராவது ஒருத்தர் இந்தக் கேள்விய கேளுங்க. வேலையெல்லாம் போயிடாது.

மத்தவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க சொந்தத்துல, தெருவுல, கண்டிப்பா இப்படி ஒரு வண்டி இருக்கும். அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப குனிஞ்சு அந்த வெல்டையும் போல்டையும் ஒரு நிமிஷம் பாருங்க. துரு இருந்தா, முடிக்கோடு மாதிரி விரிசல் இருந்தா, வாயத் திறந்து சொல்லுங்க.

பி.கு: புது வண்டிலயும் ரிவர்ஸ் இல்ல. தனியா ரிவர்ஸ் கிட் மாட்டித் தர்றவங்க இருக்காங்க. சித்தப்பாதான், "முதல்ல இதுக்கு வாங்குன கடன அடைப்போம்"னுட்டார். அடுத்த போனஸ் அதுக்குத்தான். அதுவரைக்கும் கோவில்பட்டில எந்த பேங்க் வாசல்லயாவது "தம்பி, கொஞ்சம் பின்னால இழுத்து விடுறீகளா?"ன்னு சத்தம் கேட்டா, போய் இழுத்து விடுங்க மக்கா. எங்க சித்தப்பாவாத்தான் இருக்கும்.