சொந்தப் படலம் இருக்க இரவல் எதற்கு?

கருவிழிமேல் ஏறும் சதையை எடுத்தபின் அந்த இடத்தை மூடப் பனிக்குடச் சவ்வே போதும், "நல்ல இடத்தை எதற்குப் புண்ணாக்க வேண்டும்?" என்கிறார் நண்பர். கேட்க இதமாகத்தான் இருக்கிறது.

எது புண்? மேலிமைக்கு அடியில் மறைந்திருக்கும் வெண்படலத்தில் மெல்லிய துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். சில வாரங்களில் அந்த இடம் தானே மூடிக்கொள்ளும். எடுத்த துண்டின் கருவிழியோர விளிம்பு திசைமாறாமல் பரப்பி, சதை எடுத்த இடத்தில் தையலோ ஃபைப்ரின் பசையோ கொண்டு பொருத்துகிறார்கள். அது உயிருள்ள திசு. சிசேரியன் பிரசவத்தில் தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய பனிக்குடச் சவ்வோ, பக்கத்துச் செல்கள் படர ஒரு பந்தல், அவ்வளவுதான்.

சதை திரும்ப வளர்ந்தால் இரண்டாம் அறுவை, கூடுதல் தழும்பு. இந்தக் கணக்கை நண்பர் தொடவே இல்லை. 2016இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, ஆறு மாதத்தில் சதை மறுபடி வளர்வது சொந்தப் படலம் வைத்தவர்களிடம்தான் குறைவு.

கிளாக்கோமா அறுவைக்காக மேற்படலத்தைக் காக்க வேண்டியவருக்கும், இருபுறமும் பெரிதாகச் சதை ஏறியவருக்கும் பனிக்குடச் சவ்வு கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது விதிவிலக்கு. அறுவைக்கு நாள் குறிக்கும்முன், எந்தச் சவ்வு, ஏன் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.