சீனர் வீதியும் நம் தோட்ட லயங்களும்

இங்கிலாந்து தேசத்து லிவர்ப்பூல் மாநகரில், நெல்சன் வீதியின் முகப்பிலே 2000ஆம் ஆண்டு சீனர் முறைப்படி அலங்கார வளைவொன்று எழுப்பப்பட்டது. அதனைக் காண்போர், சீன மக்கள் அந்நகரில் என்றும் போற்றப்பட்டு வாழ்ந்தனர் என்றே எண்ணுவர். வளைவு கூறாத வரலாறும் ஒன்று உண்டு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் கதை அறிந்தோர்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

1866இல் தொடங்கிய புளூ பனல் கப்பற் கம்பெனியினர் குறைந்த கூலிக்குச் சீன மாலுமிகளை அமர்த்தினர். துறைமுகத்தை அண்டிச் சீனர் குடியிருப்பு வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அம்மாலுமிகள் உயிரைப் பொருட்படுத்தாது அத்திலாந்திக் கடலிற் கப்பல் செலுத்தினர். யுத்தம் முடிந்ததும், 1945, 1946ஆம் ஆண்டுகளில், பெருந்தொகையினர் நாடுகடத்தப்பட்டனர். அவருட் பலர் அந்நகரத்துப் பெண்களை மணந்திருந்தனர். அந்நியரை மணந்தமையால் அப்பெண்களும் அக்காலச் சட்டப்படி பிரசாவுரிமை இழந்திருந்தனர். தந்தை தம்மைக் கைவிட்டார் என்றெண்ணியே பிள்ளைகள் வளர்ந்தனர். பல்லாண்டுகளின் பின், அரசாங்கக் கோவைகள் வெளிப்பட்டபோதே உண்மை விளங்கிற்று.

நம் நாட்டிலோ, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்டோரின் கருத்தை எவரும் கேட்டிலர். உறவினரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டனர். நாடற்றோர் என்னும் நிலை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலையகம் என்றதும் நுவரெலியாவே பலர் நினைவில் எழும். சப்பிரகமுவத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் தமிழரை நினைப்போர் சிலரே. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இம்மாகாணத் தோட்டங்களையும் தாக்கின. பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு லயங்களின் நினைவுகளும் பெயர்ந்தன.

பழம்புண்ணைக் கிளறுவதேன், இன்று வேண்டுவது வீடும் காணியும் அல்லவோ என வினவுவாருளர். அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஒருவன் தான் வாழும் மண்ணில் உரிமை கோருங்கால், எத்தனை தலைமுறையாக அங்கு உழைத்தான் என்பதே அவனது முதற்சான்று. பிறப்புப் பதிவும், பழங் கடிதமும், முதியோர் வாய்மொழியும் அழிந்தபின் அச்சான்றுக்கு எங்கே போவது? லிவர்ப்பூற் பிள்ளைகளுக்குக் கோவைகளேனும் எஞ்சியிருந்தன.

ஆதலின், விழா மலரோடு நம் கடமை முடிந்துவிடலாகாது. மாணவர் விடுமுறைதோறும் ஒரு தோட்டத்துக்கேனும் சென்று முதியோர் கூறுவதைப் பதிவு செய்க. ஆசிரியர் அதனை நெறிப்படுத்துக. பழைய மாணவர் அதற்காகும் செலவை ஏற்றுக்கொள்க. அலங்கார வளைவை எந்த ஆண்டிலும் கட்டலாம். ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பியோர் இன்னும் நெடுநாள் நம்மிடையே இரார்.