வெள்ளணு விடுக்கும் வினா

நிறத்திலே உயர்வு, பிறப்பிலே உயர்வு, இரத்தத்திலே உயர்வு என்று மார்தட்டித் திரிந்தோர் உலகெங்கும் உண்டு. அவர்களுக்கு ஆய்வுக்கூடம் அளித்துள்ள பதிலை இன்று எடுத்துக்கூற விரும்புகிறோம்.

1958ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் தோசே, பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் இரத்த நீரை ஆராய்ந்தார். அந்த நீர் சிலருடைய வெள்ளணுக்களைக் கட்டிகட்டியாகத் திரளச் செய்தது. வேறு சிலருடையவற்றை ஒன்றும் செய்யவில்லை! ஏன்? வெள்ளணுவின் மேனியிலே முத்திரை இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த முத்திரைக்குப் பெயர்தான் ஆன்டிஜென். 1980இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

தன்னவர் யார், அயலார் யார் என்று உடல் அறிவது இம் முத்திரையால்தான். இரத்தப் புற்றுநோயால் வாடுகிறவருக்கு இன்னொருவர் எலும்பு மஜ்ஜை தர வேண்டுமானால், இருவர் முத்திரையும் பொருந்த வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவருடையது பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இல்லையேல், முன்பின் அறியாதவரைத் தேட வேண்டும். ஒரே முன்னோர் வழி வந்தோரிடம்தான் பெரும்பாலும் பொருத்தம் கிட்டுகிறது.

"பார்த்தீர்களா, இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டே!" என்று மேட்டுக்குடி மேதாவி மீசை முறுக்கக்கூடும். உண்டு ஐயா, உண்டு! ஆனால் எதனால் வந்த வேறுபாடு? மேற்கு ஆப்பிரிக்காவில் மிகுந்துள்ள பி-53 என்னும் முத்திரை, கொடிய மலேரியாவிலிருந்து காக்கத் துணை நிற்கிறது என்று 1991இல் காம்பியா நாட்டு ஆய்வு காட்டிற்று. கொள்ளைநோயோடு மக்கள் நடத்திய போரின் தழும்பு அது! குலப்பெருமைக்கு அதிலே இடம் எங்கே? அடிமைகளென்று சந்தையில் விற்கப்பட்டார்களே, அந்த ஆப்பிரிக்க மக்களிடம் இம் முத்திரைகளின் வகைகள் ஏராளம். மனித குலத்தின் மூத்த வீடல்லவா அது!

ஆனால், அந்தச் செல்வமே இன்று சுமையாயிற்று. வகை பெருகினால் பொருத்தம் அரிது; கொடையாளர் பதிவேட்டிலோ அவர்கள் பெயர் குறைவு. 2014இல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கின்படி, ஐரோப்பிய வழி வந்த வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். கருப்பின மக்களுக்கு 20 சதவீதம்கூட இல்லை!

நம் நிலை என்ன? உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கு மேற்பட்டோர். 140 கோடி மக்கள் வாழும் இந்தியாவிலோ ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை! சாதிக்குள்ளேயே மணம் முடித்துத் தலைமுறை தலைமுறையாய்ப் பிரிந்து வாழ்ந்த நாடு இது. இங்கு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கொடையாளர் வேண்டாமா?

சென்னையில் 2009 முதல் இதற்கான பதிவேடு இயங்குகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவித் தந்தால் போதும். பொருத்தம் நேர்ந்தால், சில நாள் ஊசி போட்டபின், பெரும்பாலும் கைநரம்பு வழியாகவே தேவையான அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும்.

தோழர்களே! ஆலையிலும் வயலிலும் உழைத்து உரமேறிய உடல் உங்களுடையது. எங்கோ ஒரு மருத்துவமனையில், உங்கள் முத்திரையை ஒத்த குழந்தை காத்துக் கிடக்கலாம். அந்தக் குழந்தைக்கு என்ன விடை தரப்போகிறோம்?