மருந்தே சிக்கவில்லை, பிறகு ஏன் 4 ஆண்டு தடை? பஜ்ரங் புனியா வழக்கு சொல்வது என்ன?

ஊக்கமருந்து சோதனையில் அவர் ‘பாசிட்டிவ்’ ஆகவில்லை. ஆனாலும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவுக்கு 2024 நவம்பரில் 4 ஆண்டு தடை. ஏன்?

2024 மார்ச் 10, சோனிபட்டில் தேர்வுப் போட்டி. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘நாடா’ சிறுநீர் மாதிரி கேட்டது. அவர் கொடுக்கவில்லை. ‘முன்னாடி காலாவதியான கிட்டோடு வந்தீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் தர்றேன்’ என்பதே அவரது வாதம். மறுக்கவே இல்லை, விளக்கம்தான் கேட்டேன் என்கிறார்.

சந்தேகம் நியாயமானதாகவே இருக்கட்டும். மாதிரியைக் கொடுத்துவிட்டு, படிவத்தில் ஆட்சேபத்தை எழுதியிருக்கலாம். கொடுக்க மறுத்தால், வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்தவருக்கு உள்ள அதே 4 ஆண்டுதான். இல்லாவிட்டால், மருந்து போட்டவர்கள் எல்லோரும் ‘கிட் சரியில்லை’ என்று நழுவிவிடுவார்களே!

நாடாவும் சொதப்பாமல் இல்லை. ஏப்ரலில் விதித்த இடைக்காலத் தடை, முறையான குற்றச்சாட்டு நோட்டீஸ் தராததால் மே இறுதியில் ரத்தானது. ஜூனில் நோட்டீஸ் கொடுத்து மறுபடியும் தடை. மல்யுத்த சம்மேளனத்துக்கு எதிராகப் போராடியதற்கான பழிவாங்கல் இது என்ற அவரது புகாருக்கு இந்தத் தடுமாற்றம்தான் தீனி போட்டது.

தண்டனைக் காலம் 2024 ஏப்ரல் 23-லிருந்து கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் 2028 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 34.