நுரைச்சோலைப் புகையில் எவ்வளவு பாதரசம்? எண்ணைக் காட்டுங்கள்

"நுரைச்சோலை புத்தளத்துப் பிரச்சினை. ஹட்டனில் இருக்கிற உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். கரண்டுக்கு விலை கொடுப்பது என்றால் என்னவென்று மலையகத்துக்குத் தெரியும். பழைய மஸ்கெலியா நகரம் இன்றும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில்தான் கிடக்கிறது. அதனால்தான் கேட்கிறோம்.

நுரைச்சோலையில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது. எரிவது நிலக்கரி. அதில் மிகச் சிறிதளவு பாதரசம் உண்டு. நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்தில் வரும் 'இரசம்' அதுதான். உலைச் சூட்டில் அது ஆவியாகிப் புகையோடு போகிறது.

"தூசியைப் பிடிக்கிறோம், புகையைக் கடல்நீரால் கழுவுகிறோம், போதாதா?" என்பார்கள். போதாது. சாம்பலில் ஒட்டிய பாதரசம் தூசியோடு பிடிபடும். ஒட்சியேறியது கழுவும் நீரில் கரையும். அந்த நீர் போய்ச் சேருவது கடலுக்கு. மிச்சமுள்ள ஆவி இரண்டிலும் பெரும்பாலும் அகப்படாமல் மாதக்கணக்கில் காற்றில் திரியும். அதைப் பிடிக்க, உயிர்ப்பூட்டிய கரித்தூளைப் புகையில் தூவும் முறை இருக்கிறது. புகைபோக்கியிலேயே இடைவிடாமல் அளக்கும் கருவியும் இருக்கிறது. அளக்காமல் "பிரச்சினை இல்லை" என்பது விடைத்தாளைத் திருத்தாமல் புள்ளி போடுவது போல.

நீரில் விழும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசமாக்கும். அது மீனில் ஏறும். நெத்தலியில் குறைவு, சுறா போன்ற பெரிய மீனில் அதிகம். கர்ப்பிணித் தாய் உண்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வரை போகும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் தொழிற்சாலைக் கழிவுநீர், நிலக்கரிப் புகை அல்ல. ஆனால் நஞ்சு இதே நஞ்சுதான். கடற்கரையில் பிடித்த மீன் டின்னிலும் கருவாட்டிலும் லயன் வீட்டு அடுப்புக்கு வருகிறது. பிறகு எப்படி இது புத்தளத்துப் பிரச்சினை மட்டும் ஆகும்?

இந்தியா 2015இலேயே அனல்மின் நிலையப் புகைக்குக் கனமீட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று பாதரச எல்லை வைத்தது. இலங்கை மினமாட்டா உடன்படிக்கையை 2017இல் உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே இயங்கும் நிலக்கரி நிலையங்களில் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்த அது தரும் அவகாசம் 10 வருடம். கணக்குப் போடுங்கள்: 2027.

மின் நிலையத்தை மூடச் சொல்லவில்லை. வருடத்துக்கு எத்தனை கிலோ காற்றுக்கு, எத்தனை கடலுக்கு, எத்தனை சாம்பலோடு என்று அளந்து மும்மொழியிலும் பகிரங்கமாக வெளியிடச் சொல்கிறோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஆசிரியர்களே, பெற்றோர்களே, ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதுவோம்.