கிணற்று மேட்டிலேயே எழுதி வையுங்கள்

தெளிவாக இருக்கிறது, வாய்க்கு இனிக்கிறது, பருப்பு நன்றாக வேகிறது. ஒரு கிணற்றுத் தண்ணீரை நல்லது என்று நம்பக் கிராமத்தில் இந்த மூன்றும் போதும். உப்பையும் கடினத்தன்மையையும் நாக்கும் அடுப்பும் சரியாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஃபுளோரைடு, நைட்ரேட், மலக்கிருமி ஆகியவை அவற்றுக்குப் பிடிபடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவதற்கும், பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போவதற்கும் காரணம் பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உரத்திலிருந்தும் கழிப்பறைக் குழியிலிருந்தும் இறங்கும் நைட்ரேட் மிகுந்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

பரிசோதனை நமக்குப் புதிதல்ல. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரவேண்டும் என்றும் இருக்கிறது. மலக்கிருமிச் சோதனை எவருக்கும் புரியும்: மருந்து போட்ட சின்ன பாட்டிலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, ஒன்றிரண்டு நாள் அப்படியே வைத்தால், மாசுபட்ட நீர் கறுத்துவிடும். படிக்காதவரும் கண்ணால் பார்த்து நம்பக்கூடிய சோதனை இது. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் ஊராட்சித் தொட்டியோடும் பொதுக் குழாயோடும் நின்றுவிடுகிறது. தோட்டத்து வீட்டுக் கிணறும் கொல்லைப்புற போர்வெல்லும் கணக்கில் வருவது அரிது. ஆகவே, குடிக்கப் பயன்படும் தனியார் கிணற்றையும் இலவசமாகச் சோதிக்க வேண்டும். முடிவைக் கோப்பில் முடக்காமல் அந்தக் கிணற்று மேட்டிலேயே பெயிண்டால் எழுத வேண்டும்.

இதற்கு வங்கதேசம் சான்று. குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காக்க அங்கே ஊரெங்கும் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1990களில்தான் அவற்றில் பலவற்றில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. பிறகு ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். பல இடங்களில் சிவப்புக் கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்திலேயே பச்சைக் கிணறு இருந்தது. விவரம் தெரிந்ததும் கணிசமான குடும்பங்கள் பக்கத்துக் கிணற்றுக்கு மாறின. ஆனால் காலப்போக்கில் பெயிண்ட் உதிர்ந்தது. சோதிக்காத புதுக் கிணறுகள் முளைத்தன. ஒருமுறை சோதித்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது என்பதற்கும் அந்நாடே சாட்சி.

தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோமே என்பார்கள். தாத்தா குடித்தது மேல்மண்ணில் ஊறிய திறந்த கிணற்று நீர். பேரன் குடிப்பது பாறைக்குள் பல நூறு அடி இறங்கிய போர்வெல் நீர். பக்கத்திலேயே கழிப்பறைக் குழியும் இருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீர் அல்ல. ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக்கொள்ளட்டும் என்பவர்கள், எந்த வீட்டுக்கு அது தேவை என்பதைச் சோதித்தால்தான் அறிய முடியும் என்பதை மறக்கிறார்கள். வாங்க முடியாதவர்களையும்தான்.

எழுதி வைத்தால் பீதி வரும், நிலத்தின் விலை இறங்கும் என்ற அச்சம் இன்னும் வலுவானது. அதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் எழுதுவதில் தெளிவு வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த நீரில் குளிக்கலாம், துவைக்கலாம், மாட்டைக் கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கூடாது. அதற்குச் சிறு குடும்பத்துக்கு நாளுக்கு இரண்டு மூன்று குடம் போதும். அதை எங்கிருந்து எடுக்கலாம் என்று ஊராட்சி காட்டாமல், ஆகாது என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது அநியாயம்.

தமிழகத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பருவமழை ஓய்ந்தபின் எடுத்த மாதிரிகளின் முடிவை அன்று கிணறு வாரியாகப் படிக்கலாம். கோடையில் எடுத்ததை ஆகஸ்ட் 15 அன்று படிக்கலாம். எந்தக் கிணறு விடுபட்டது என்று மக்கள் அங்கேயே எழுந்து கேட்கட்டும்.